எண்ணெய் ஆளும் கியர்ப்பெட்டி: பம்பையும் வால்வுக் கூட்டையும் கழற்றும் முறை

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரம் நெடுங்காலம் போர்ட் பிளேர் என வழங்கியது. 2024-ஆம் ஆண்டில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் சூட்டப்பட்டது. அந்நகரின் துறைமுகத்தினுள் ஃபீனிக்ஸ் பே என்னும் சிறு குடா அமைந்துள்ளது. தீவுகளுக்கிடையே மக்களை ஏற்றிச் செல்லும் படகுகள் வந்து சேரும் ஜெட்டியும், அப்படகுகளைப் பழுதுபார்க்கும் கப்பல் பட்டறையும், உலர்துறைகளும் இங்கே இருக்கின்றன. 1858-ஆம் ஆண்டில் தொடங்கிய தண்டனைக் குடியேற்றத்தின் காலத்திலேயே கைதிகளைக் கொண்டு நடத்தப்பட்ட தொழிற்கூடங்கள் இக்குடாவின் கரையில் இருந்தன. ஆகவே இரும்பும் எண்ணெயும் இவ்விடத்திற்குப் புதியவை அல்ல.

பயணிகள் நிறைந்த படகொன்று இந்த ஜெட்டியை நெருங்கும் நேரத்தைக் கருதலாம். சாலையில் ஓடும் வண்டிக்குப் பிரேக்கு உண்டு, படகுக்கு இல்லை. ஜெட்டிக்குச் சில கஜ தூரம் இருக்கும்போது சுக்கானி தம் கையிலுள்ள நெம்புகோலை முன்செலவு நிலையிலிருந்து நடுநிலைக்கும், நடுநிலையிலிருந்து பின்செலவு நிலைக்கும் மாற்றுகிறார். நீரை உந்தும் புரொப்பெல்லர் எதிர்த்திசையில் சுழல்கிறது, படகின் வேகம் தணிகிறது, கயிறு வீசப்படுகிறது. பார்ப்பவருக்கு இது மிக எளிய செயலாகத் தோன்றும். ஆனால் புரொப்பெல்லரின் திசையை மாற்றியது சுக்கானியின் கைவலிமை அன்று. கியர்ப்பெட்டியினுள் ஒரு சிறு பம்பு எண்ணெயை அழுத்தத்துடன் தள்ளுகிறது. ஒரு வால்வு அந்த எண்ணெயை இன்ன வழியே செல்க எனத் திருப்புகிறது. இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் நெம்புகோல் அசையும், புரொப்பெல்லர் திரும்பாது, படகு ஜெட்டியின் மீது மோதும்.

மோட்டார் வண்டிகளின் தானியங்கிக் கியர்ப்பெட்டியிலும் இதே இரண்டு உறுப்புகள் இதே வேலையைச் செய்கின்றன. வண்டியின் பெட்டி சற்றுச் சிக்கலானது. அதைக் கழற்றக் கற்றவருக்குப் படகின் பெட்டி எளிதில் விளங்கும். ஆகவே இப்பாடத்தில் முதலில் வண்டியின் பெட்டியும், பின்னர் படகின் பெட்டியும் விளக்கப்படுகின்றன. இரண்டிற்கும் பொதுவான நெறி ஒன்று உண்டு. கழற்றுதல் என்பது உறுப்புகளைப் பிரித்தெடுக்கும் வேலை மட்டும் அன்று. பழுதின் காரணத்திற்குச் சாட்சியம் திரட்டும் வேலையுமாகும். அவசரத்தில் பிரித்த பெட்டியிலிருந்து அச்சாட்சியம் அழிந்துவிடும். பிறகு எந்த உறுப்பை மாற்றுவது என்பது ஊகமாகிவிடும்.

எண்ணெய் செய்யும் வேலை

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி. அழுத்தத்தைப் பரப்பினால் பெருக்கினால் விசை கிடைக்கும். கிளட்சை இறுக்கும் பிஸ்டனின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றும், எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 20 கிலோகிராம் என்றும் கொண்டால், கிளட்சுத் தட்டுகளை அழுத்தும் விசை 4,000 கிலோகிராம், அதாவது நான்கு டன் ஆகும். அழுத்தம் 12 கிலோகிராமாகக் குறைந்தால் விசை 2,400 கிலோகிராமாகக் குறையும். எஞ்சினின் சுமையைத் தாங்க இவ்விசை போதாவிட்டால் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் உராய்வுப் பூச்சு கருகும். கருகிய கிளட்சைக் கண்டு கிளட்சையே குறை கூறுவது வழக்கம். உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் அழுத்தக் குறைவே.

எண்ணெயைக் கொண்டு ஆற்றலைக் கடத்தும் எண்ணம் கப்பலில் பிறந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரிலிருந்த வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்னும் பொறியாளர், மிக விரைந்து சுழலும் நீராவிச் சுழலிக்கும் மெதுவாகச் சுழல வேண்டிய புரொப்பெல்லருக்கும் இடையே திரவத்தை ஊடகமாக வைக்கும் சாதனத்திற்கு 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்றைய வண்டிகளில் உள்ள டார்க் கன்வர்ட்டர் என்னும் முறுக்குவிசை மாற்றியின் மூலம் அதுவே. 1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ஹைட்ராமேட்டிக் என்னும் தானியங்கிக் கியர்ப்பெட்டியை வெளியிட்டது. அதில் கியர் மாறும் தருணத்தை எண்ணெய் அழுத்தமே முடிவு செய்தது. இந்நாளில் மின்னணுக் கட்டுப்பாடு சேர்ந்துவிட்டது; எனினும் கிளட்சை இறுக்கும் கை இன்றும் எண்ணெயின் கையே.

இரண்டு உறுப்புகள்

எண்ணெய்ப் பம்பு இதயத்தைப் போன்றது. பின்சக்கர ஓட்டமுள்ள வண்டிகளில் அது பெரும்பாலும் பெட்டியின் முன்முகத்தில், முறுக்குவிசை மாற்றிக்கு உடனடியாகப் பின்னால் அமைந்திருக்கும். மாற்றியின் கழுத்துப் பகுதி பம்பின் உட்பல்லிணையைச் சுழற்றுகிறது. ஆகவே எஞ்சின் ஓடும்போது மட்டுமே பம்பு ஓடும். எஞ்சின் நின்ற வண்டியை மற்றொரு வண்டியால் நெடுந்தூரம் இழுத்துச் சென்றால், சக்கரங்கள் பெட்டியின் உட்பகுதிகளைச் சுழற்றும், பம்பு சுழலாது, உறுப்புகள் மசகெண்ணெய் இன்றித் தேயும். பழுதான வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரும்போதே இரண்டாவது பழுது இவ்வாறு உண்டாகிவிடுவது உண்டு.

வால்வுக் கூடு மூளையைப் போன்றது. பெட்டியின் அடியில், எண்ணெய்த் தட்டினுள் மூழ்கியபடி அது பொருத்தப்பட்டிருக்கும். அலுமினியக் கட்டி ஒன்றில் புழுவரித்தது போன்ற கால்வாய்களும், துளைகளும் காணப்படும். துளைகளினுள் நூலுருளை போன்ற வடிவுள்ள எஃகு அல்லது அலுமினியத் தண்டுகள் வழுக்கி நகர்கின்றன. தண்டின் பருத்த பகுதி வழியை அடைக்கும். ஒடுங்கிய பகுதி வழியைத் திறக்கும். ஒரு முனையில் சுருள்வில்லும், மறுமுனையில் எண்ணெய் அழுத்தமும் தண்டைத் தள்ளுகின்றன; எது வெல்கிறதோ அதற்கேற்ப வழி மாறுகிறது. கூட்டின் இரு பாதிகளுக்கிடையே துளையிட்ட மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். எண்ணெய் ஒரே திசையில் செல்லும்படி காக்கும் சிறு குண்டுகள் அத்தகட்டின் துளைகளின்மேல் அமர்ந்திருக்கும். தண்டுக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் பருமனைவிடக் குறைவானது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் போதும், தண்டு சிக்கிக்கொள்ள.

கழற்றுமுன் சோதித்தல்

ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் நான்கு செய்திகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எண்ணெயின் அளவு. அளவு குறைந்தால் பம்பு காற்றை உறிஞ்சும். அளவு மிகுந்தால் சுழலும் உறுப்புகள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் எண்ணெயோடு காற்று கலக்கும். காற்று எளிதில் சுருங்குமாகையால் அழுத்தம் நிலையாக நிற்காது.

இரண்டாவது, எண்ணெயின் நிறமும் மணமும். கருநிறமும் தீய்ந்த மணமும் கிளட்சு கருகியதைக் காட்டும். பால் போன்ற வெண்மை நீர் கலந்ததைக் காட்டும்.

மூன்றாவது, நெம்புகோலிலிருந்து பெட்டிவரை செல்லும் கம்பியோ இணைப்புத் தண்டோ சரியான இடத்தில் நிற்கிறதா என்பது. இணைப்பு சற்றே பிசகினாலும் கைவால்வு பாதி வழியில் நின்று அழுத்தத்தைக் கசியவிடும். அதைத் திருத்தச் சில நிமிடங்கள் போதும். அதை அறியாமல் பெட்டியைத் திறப்பவர் பல நாள்களை இழப்பார்.

நான்காவது, அழுத்தம். பெட்டியின் புறத்தே இதற்கென அடைப்பாணியிட்ட துளை இருக்கும். அதில் அழுத்தமானியைப் பொருத்தி, எண்ணெய் வழக்கமான சூட்டை அடைந்தபின், ஒவ்வொரு நிலையிலும் காட்டும் அளவைக் குறித்து, தயாரிப்பாளரின் கைநூலோடு ஒப்பிட வேண்டும். பின்செலவு நிலையில் அழுத்தம் உயர்த்தி வைக்கப்பட்டிருப்பது பல பெட்டிகளின் இயல்பு. அதைப் பழுதெனக் கொள்ளலாகாது.

இவ்வளவுகள் பழுதின் இருப்பிடத்தைச் சொல்லும். எல்லா நிலைகளிலும் அழுத்தம் குறைந்திருந்தால் வடிகட்டி அடைப்பு, பம்பின் தேய்வு, அழுத்தச் சீர்வால்வின் சிக்கல் ஆகிய மூன்றில் ஒன்றை ஐயுற வேண்டும். ஒரே ஒரு நிலையில் மட்டும் குறைந்திருந்தால் அந்நிலைக்குரிய வழியில் கசிவு உண்டு, பம்பு குற்றமற்றது. அழுத்தம் சரியாயிருந்தும் வழுக்கல் இருந்தால் கிளட்சுத் தட்டுகள் தேய்ந்துள்ளன. பம்பையும் வால்வுக் கூட்டையும் கழற்றுவதால் பயனில்லை. மின்னணுக் கட்டுப்பாடுள்ள பெட்டிகளில் மின்காந்த வால்வுகளின் இணைப்புகளையும் இக்கட்டத்திலேயே சோதிக்க வேண்டும்.

வால்வுக் கூட்டைக் கழற்றுதல்

வால்வுக் கூட்டைப் பெரும்பாலும் பெட்டியை வண்டியிலிருந்து இறக்காமலே கழற்றலாம். வண்டியைச் சமதரையில் உயர்த்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். மின்கலத்தின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பெட்டியின் அடிப்புறத்திலுள்ள சேற்றையும் மணலையும் முதலில் கழுவித் துடைக்க வேண்டும். வெளியழுக்கு உள்ளே விழுவதே பின்னர் வரும் பழுதுகளில் பலவற்றிற்குக் காரணம். ஓடி நின்ற வண்டியின் எண்ணெய் தோலைச் சுடுமளவு சூடாயிருக்கும். கை பொறுக்கும் சூட்டிற்கு ஆறியபின் வடிக்க வேண்டும். வடித்த எண்ணெயை மூடியுள்ள கலத்தில் சேர்த்து வைக்க வேண்டும். அதை மண்ணிலோ கடலிலோ விடலாகாது.

எண்ணெய்த் தட்டின் போல்ட்டுகளை ஒரு பக்கத்தில் சிறிது மிச்சம் வைத்துத் தளர்த்தினால் தட்டு சரிந்து எஞ்சிய எண்ணெய் ஒரே முனையில் வடியும். தட்டைக் கழற்றியவுடன் கழுவிவிடுதல் பெரும் பிழை. தட்டின் அடியில் படிந்திருப்பதே முதற் சாட்சியம். காந்தத்தின்மேல் மாவு போன்ற சாம்பல்நிறப் படிவு சிறிதளவு இருப்பது இயல்பு. கருநிறச் செதில்கள் கிளட்சின் உராய்வுப் பூச்சிலிருந்து வந்தவை. பொன்னிறத் துகள்கள் வெண்கல புஷ்களின் தேய்வைக் காட்டும். காந்தத்தில் ஒட்டாத வெள்ளிநிறத் துகள்கள் அலுமினியம். அவை பம்பின் கூட்டிலிருந்தோ பெட்டியிலிருந்தோ வந்திருக்கலாம். இப்படிவை ஒரு வெள்ளைத் துணியில் ஏந்தி, வண்டியின் எண்ணெழுதி, வேலை முடியும்வரை பாதுகாக்க வேண்டும்.

அடுத்து வடிகட்டியையும், கைவால்வின் இணைப்பையும், அதன் நிலையைப் பற்றி நிற்கும் பட்டைவில்லையும், மின்கம்பி இணைப்புகளையும் ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். இழுத்துப் பறித்தால் பழைய பிளாஸ்டிக் பூட்டுகள் உடைந்துவிடும்.

வால்வுக் கூட்டின் போல்ட்டுகள் ஒரே நீளமுள்ளவை அல்ல. குட்டையான போல்ட்டு இருக்க வேண்டிய இடத்தில் நீளமானதைச் செலுத்தினால் பெட்டியின் சுவர் விரியும். நீளமானதன் இடத்தில் குட்டையானதைச் செலுத்தினால் மரை அறுந்துபோகும். ஆகவே ஓர் அட்டையில் கூட்டின் உருவை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றியவுடன் அதற்குரிய இடத்தில் குத்தி வைப்பது நல்ல முறை. போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் அரைச்சுற்று வீதம், படிப்படியாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் தளர்த்திவிட்டு மறுபக்கத்திற்குச் சென்றால் கூடு வளையும்; வளைந்த கூட்டில் தண்டுகள் சிக்கும்.

கடைசி இரண்டு போல்ட்டுகளை எடுக்குமுன் ஒருவர் இரு கைகளாலும் கூட்டைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அதை மட்டமாகவே இறக்க வேண்டும். அழுத்தத்தைத் தாங்கும் சிறு பிஸ்டன்களும் அவற்றின் சுருள்வில்களும் சில பெட்டிகளில் உடனே விழும். எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்பதை அப்போதே குறிக்க வேண்டும்.

கூட்டைச் சுத்தமான மேசைமேல் வைத்து, நடுத்தகட்டைக் கீழ்ப்பாதியோடு சேர்த்துப் பிடித்தபடியே இரு பாதிகளையும் பிரிக்க வேண்டும். தகட்டைத் தனியே தூக்கினால் குண்டுகள் உருண்டோடும். அவற்றின் இடங்களை வரைந்தோ படம் எடுத்தோ வைத்துக்கொள்வது அவசியம். ஒரு குண்டு இடம் மாறினாலும் பெட்டி தவறான நேரத்தில் கியரை மாற்றும். காரணத்தைக் கண்டுபிடிக்க மீண்டும் அனைத்தையும் பிரிக்க நேரும்.

தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதனதன் சுருள்வில்லோடு வரிசையாக வைக்க வேண்டும். சாய்த்தால் தன் எடையாலேயே தண்டு துளையினுள் வழுக்கிச் செல்ல வேண்டும். அதுவே நல்ல தண்டின் அடையாளம். சிக்கியிருப்பதைத் திருப்புளியால் குத்தாமல், மரக்குச்சியால் மெல்லத் தள்ள வேண்டும். தண்டின் விளிம்புகள் கூர்மையாக இருப்பது தற்செயல் அன்று. துகள்கள் இடையில் புகாமல் வழித்துத் தள்ள அக்கூர்மை வேண்டும். உப்புத்தாள் கொண்டு விளிம்பைத் தேய்த்து மழுக்கினால் பளபளப்பு மிகும். தண்டு சிக்குவதும் மிகும். அழுத்தத்தைச் சீர்செய்யும் திருகு இருப்பின், கழற்றுமுன் அது எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை அளந்து எழுத வேண்டும். துடைக்க நூல் உதிரும் வேஸ்ட் பஞ்சு கூடாது. நூல் உதிராத துணி வேண்டும்.

பம்பைக் கழற்றுதல்

பம்பை எடுப்பதற்குக் கியர்ப்பெட்டியை வண்டியிலிருந்து இறக்க வேண்டும். முறுக்குவிசை மாற்றியை எஞ்சினிலிருந்து விடுவித்து, பெட்டியோடு சேர்த்தே இறக்குவது முறை. மாற்றியை எஞ்சினோடு விட்டுப் பெட்டியை மட்டும் இழுத்தால் பம்பின் பல்லிணையும் ஆயில் சீலும் சேதமுறும். மாற்றி எண்ணெய் நிறைந்து கனமாயிருக்கும். இருவர் சேர்ந்து நேராக இழுக்க வேண்டும்.

பிறகு உள்நுழைதண்டு மேல்நோக்கும்படி பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, அத்தண்டு மேலும் கீழும் எவ்வளவு அசைகிறது என்பதை டயல் கேஜ் கொண்டு அளக்க வேண்டும். இந்த அளவைப் பம்பைக் கழற்றியபின் பெற இயலாது. எந்தப் பருமனுள்ள வாஷரை மீண்டும் இடுவது என்பதற்கு இதுவே வழிகாட்டி.

பம்பின் போல்ட்டுகளை எதிரெதிராகத் தளர்த்தி எடுத்தபின்னும் பம்பு தன் இருக்கையை விட்டு எளிதில் வராது. பல பம்புகளில் இதற்கென மரையிட்ட இரண்டு துளைகள் எதிரெதிரே உண்டு. தண்டின்மேல் வழுக்கி அடிக்கும் சுத்திகள் இரண்டை அவற்றில் பொருத்தி, இருபுறமும் மாறி மாறிச் சமமாக அடித்தால் பம்பு மட்டமாக எழும். திருப்புளியை இடுக்கில் செருகி நெம்பினால் அலுமினிய முகம் வடுப்படும். அவ்வடுவின் வழியே அழுத்தம் கசியும்.

வெளிவந்த பம்பின் பின்முகத்தில் எண்ணெய்ப் பசையால் வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கும். கவனியாமல் பம்பை மேசையில் வைத்தால் வாஷர் தரையில் விழுந்து மறையும். பம்பைத் திறந்தவுடன் உள்ளே உள்ள இரு பல்லிணைகளின் மேல்முகங்களிலும் மையால் குறியிட வேண்டும், உளியால் குத்தலாகாது. அவை பழகிய முகத்தோடும் பழகிய பற்களோடும் மீண்டும் சேர வேண்டும். பல்லிணையின் முகத்திற்கும் கூட்டின் முகத்திற்கும் உள்ள இடைவெளியை நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் கொண்டு அளந்து கைநூலோடு ஒப்பிட வேண்டும். கூட்டின் உட்சுவரில் விரல் நகத்தில் தட்டுப்படும் பள்ளங்கள் இருந்தால் பம்பு தேய்ந்தது எனக் கொள்ளலாம்.

மீண்டும் பொருத்தும்போது நேரும் மிகப் பெரிய பிழையையும் இங்கேயே கூறுவது பொருந்தும். முறுக்குவிசை மாற்றியை உட்செலுத்திச் சுழற்றினால் அது இரண்டு மூன்று படிகளாக உள்ளே இறங்கும். கடைசிப் படியில்தான் அதன் கழுத்து பம்பின் பல்லிணையைப் பற்றும். அக்கடைசிப் படி இறங்காமல் பெட்டியை எஞ்சினோடு வைத்துப் போல்ட்டுகளை இறுக்கினால், புதிய பம்பு எஞ்சின் ஓடுமுன்னரே உடைந்துவிடும். பெட்டியின் வாய்விளிம்பிலிருந்து மாற்றிவரை உள்ள ஆழத்தை அளந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் ஒரு பம்பைக் காக்கும்.

படகின் கியர்ப்பெட்டி

டீசல் படகுகள் பலவற்றின் எஞ்சின் ஒரே திசையில்தான் சுழலும். கியர்ப்பெட்டி அச்சுழற்சியின் வேகத்தைக் குறைப்பதோடு, வேண்டும்போது திசையையும் மாற்றுகிறது. அதனுள் முன்செலவுக்கு ஒன்றும் பின்செலவுக்கு ஒன்றுமாகப் பல தட்டுக் கிளட்சுகள் இரண்டு உண்டு. வண்டியின் பெட்டிக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு யாதெனில், இங்கே பம்பும் கட்டுப்பாட்டு வால்வும் பெரும்பாலும் பெட்டியின் புறத்தே போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே பெட்டியை இறக்காமல், எஞ்சின் அறையிலேயே இரண்டையும் கழற்றலாம்.

எளிது என்பதனால் அபாயம் இல்லை என்று கொள்ளலாகாது. ஜெட்டியில் கட்டிய படகின் புரொப்பெல்லரை நீரோட்டமே சுழற்றக்கூடும். ஆகவே எஞ்சினை எவரும் இயக்க முடியாதபடி பூட்டி, அறிவிப்பு அட்டை தொங்கவிட்டு, புரொப்பெல்லர் தண்டையும் அசையாதபடி பிணைத்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். பழுதான படகை மற்றொரு படகு இழுத்து வரும்போதும் இத்தண்டைப் பிணைக்க வேண்டும். இல்லையேல் வண்டிக்குச் சொன்ன அதே காரணத்தால் பெட்டி மசகின்றித் தேயும்.

பம்பைக் கழற்றுமுன் அதன் கூட்டிலும் பெட்டியிலும் சேர்த்து ஒரே கோடாகக் குறியிட வேண்டும். சில பம்புகள் எஞ்சினின் சுழற்சித் திசைக்கேற்ப இருவிதமாகப் பொருத்தக்கூடியவை. திசை மாற்றிப் பொருத்தினால் பம்பு சுழலும், எண்ணெய் வராது. குழாய்களை விடுவித்தவுடன் ஒவ்வொரு வாயையும் சுத்தமான மூடியால் அடைக்க வேண்டும்.

படகின் பெட்டிக்கே உரிய பகைவன் கடல்நீர். எண்ணெயைக் குளிர்விக்கும் சாதனத்தின் குழல்கள் வழியே கடல்நீர் ஓடுமாறு அமைந்த படகுகளில், குழல் அரித்து ஓட்டையானால் உப்புநீர் எண்ணெயில் கலக்கும். வால்வுத் தண்டுகள் துருவேறிச் சிக்கும். அவற்றைத் துலக்கி மீண்டும் பொருத்தினால் படகு சில நாள் ஓடும். பிறகு அதே பழுது திரும்பும். எண்ணெய் பால்நிறமாக இருந்தது என்பதை முதலிலேயே குறித்தவர் குளிர்விப்பானைச் சோதிப்பார். குறியாதவர் வால்வைத் துலக்கிக்கொண்டே இருப்பார்.

நடுக்கடலில் அழுத்தம் அற்றுப்போனால் கரை சேர்வதற்கென, சில பெட்டிகளில் முன்செலவுக் கிளட்சை இயந்திர முறையில் இறுக்கிப் பூட்டும் அவசர போல்ட்டுகள் உண்டு. அவற்றை இறுக்கியபின் படகுக்கு நடுநிலையும் இல்லை, பின்செலவும் இல்லை. எஞ்சின் ஓடத் தொடங்கியவுடன் படகு முன்செல்லும். எஞ்சினை நிறுத்தினாலன்றி நிற்காது. இந்நிலையில் ஜெட்டியை நேரே அணுகுவது தகாது. முன்கூட்டியே எஞ்சினை நிறுத்தி, நங்கூரத்தின் உதவியாலோ மற்றொரு படகின் உதவியாலோ சேர வேண்டும்.

தீவுகளில் மட்டும் தேவைப்படும் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இங்கே ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் கலந்திருக்கும். கழுவிய எஃகுத் தண்டுகளைத் திறந்த மேசைமேல் இரவு முழுதும் விட்டால் காலையில் துருப்புள்ளி காணலாம். ஆகவே கழுவியவுடன் அப்பெட்டிக்குரிய எண்ணெயையே பூசி, மூடியுள்ள பெட்டியில் வைக்க வேண்டும்.

சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குக் கடல்வழி 1,300 கிலோமீட்டருக்கும் மேல். கப்பல் வந்து சேர மூன்று நாளளவு ஆகும். நிலப்பகுதியில் ஒரு பட்டறையில் தொலைந்த சிறு குண்டுக்கு மாற்று மாலைக்குள் கிடைக்கக்கூடும். இங்கே அதே குண்டுக்காக ஒரு படகு கரையிலேயே கிடக்க நேரிடும். அப்படகை நம்பி மருத்துவமனைக்கு வர வேண்டிய நோயாளியும், அரிசி மூட்டையும், தேர்வெழுத வேண்டிய மாணவரும் அக்கரையிலேயே காத்திருப்பர். போல்ட்டுகளை அட்டையில் குத்தி வைப்பது சிறு வேலையாயினும், அதன் பயன் இத்தகையது.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இப்பாடத்தை ஊசியற்ற இரண்டு மருந்தேற்றிகளைக் கொண்டு விளக்கலாம். 5 மில்லிலிட்டர் அளவுள்ளதையும் 20 மில்லிலிட்டர் அளவுள்ளதையும் மெல்லிய குழாயால் இணைத்து, காற்றுக் குமிழி இன்றி நீர் நிரப்ப வேண்டும். ஒரு மாணவர் சிறியதையும் மற்றொருவர் பெரியதையும் அழுத்தட்டும். சிறியதை அழுத்துபவர் குறைந்த விசையாலேயே பெரியதைத் தள்ளுவார்; ஆனால் அவர் நெடுந்தூரம் அழுத்தியும் பெரியது சிறிது தூரமே நகரும். இது கிளட்சுப் பிஸ்டனின் தத்துவம். அடுத்து வேண்டுமென்றே குழாயில் சிறிது காற்றை விட்டு அழுத்தச் செய்தால் கைக்கு மெத்தென்று தோன்றும். விசை உடனே சென்று சேராது. எண்ணெயளவு குறைந்த பெட்டியின் நிலை இது. மூன்றாவதாகக் குழாயில் ஊசியால் ஒரு துளையிட்டு அழுத்தினால் நீர் பீறிடும்; மறுமுனையில் விசை குறையும். வடுப்பட்ட பம்பின் நிலை இது.

பயிற்சி வினாக்கள்

1. பிஸ்டனின் பரப்பு 150 சதுர சென்டிமீட்டர்; அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 18 கிலோகிராம். கிளட்சை அழுத்தும் விசை எவ்வளவு? அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் விசை எவ்வளவாகும்?

2. ஒரு படகில் முன்செலவு நிலையில் அழுத்தம் சரியாக உள்ளது. பின்செலவு நிலையில் மட்டும் குறைகிறது. பம்பைக் கழற்றுவது முறையா? காரணம் கூறுக.

3. எண்ணெய்த் தட்டைக் கழற்றியவுடன் கழுவுவதால் எவ்வெச் செய்திகள் இழக்கப்படும்?

4. எஞ்சின் நின்ற படகை இழுத்து வரும்போது புரொப்பெல்லர் தண்டைப் பிணைப்பது ஏன்?

இவ்வினாக்களுக்கு விடை கூறக்கூடியவர் கழற்றும் வேலையைத் தொடங்கலாம். மற்றவர் பெட்டியின் அருகே அமர்ந்து, கழற்றுபவரின் குறிப்பேட்டில் எழுதித் தருவதிலிருந்து தொடங்குவது நன்று. அதுவும் இத்தொழிலின் ஒரு பாதியே.